இருட்டை ருசிக்கும் மீன்

கனடாவிலிருந்து இறகுத் தூண்டிலோடு வந்த மருமகன். காக்கைதீவுக் கரையில் தலை நரைத்த பெரியவர். நடுவில் நிலவில்லாத ஓர் இரவு. கண்ணை ஏமாற்றக் கட்டிய இரை, மீசையாலும் தோலாலும் வாழும் கெளிற்றிடம் எடுபடுமா?

"உதென்ன தம்பி, கொளுக்கிக்குத் தாடி கட்டி வைச்சிருக்கிறீர்?"

ரோச் லைற் வெளிச்சத்தில் என் மருமகனின் பெட்டியை எட்டிப் பார்த்து அந்தப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி இது. பெட்டிக்குள் முப்பது நாற்பது கொளுக்கிகள் வரிசையாகக் குத்தியிருந்தன. ஒவ்வொன்றிலும் இறகு, மயிர், மினுங்கும் நூல். மருமகன் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். கறுத்த முயல்தோல் நறுக்கு வாலாக நீண்டிருந்தது. தலைக்கு மான்மயிரை உருட்டிக் கட்டி, கண்ணுக்கு இரண்டு ஈயமணி வைத்திருந்தான்.

"இதுதான் ஐயா இரை."

பெரியவர் அதை வாங்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"ஒண்டும் மணக்கேல்லையே. கெளிறு இதை என்னெண்டு கண்டுபிடிக்கும்?"

விடியும்வரை நாங்கள் கதைத்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

கொடி இறங்கும்வரை

மருமகன் வளர்ந்தது ரொறன்ரோவில். ஒன்ராறியோ மாகாணத்தில் கிராண்ட் ஆறு என்று ஒன்று ஓடுகிறது. மேலே ஃபேர்கஸ், எலோரா ஊர்களுக்குக் கிட்ட அதில் ட்ரவுட் மீன். கீழே, ஈரி ஏரியில் போய் விழுகிற டன்வில் பக்கம், கெளிற்றுச் சாதி. மேல் ஆற்றில் பிளை பிஷிங் என்கிற இறகுத் தூண்டில் பழகியவன், பிறகு கீழ் ஆற்றுக்குப் போய் இரவில் கெளிற்றுக்கு எறியத் தொடங்கினான். ஆறடி கடந்த பிள்ளை, ஒன்பதடித் தடி. இரண்டையும் கட்டுநாயக்காவில் இறக்கி, கொக்குவில் வீட்டு விறாந்தையில் கொண்டுவந்து சாத்தினோம்.

வந்தது நல்லூர்த் திருவிழாவுக்கு. இருபத்தைந்து நாள் திருவிழா. கொடியேறினால் எங்கள் வீட்டில் மச்சம் காய்ச்சுவதில்லை. மீன் பிடிக்கப் போகிறேன் என்று அவன் வாய் திறந்தபோது, அவனுடைய தாய், என் தங்கச்சி, பார்த்த பார்வையில் தடி திரும்ப உறைக்குள் போய்விட்டது. தேர் முடிந்து, ஆவணி அமாவாசைத் தீர்த்தம் முடிந்து, பூங்காவனமும் முடிந்த பிறகுதான் அனுமதி கிடைத்தது. அதுவும் நல்லதுக்குத்தான். அமாவாசை கழிந்த மூன்றாம் பிறை பொழுதுபட்ட கையோடு விழுந்துவிடும். மிச்ச இரவெல்லாம் இருட்டு. கெளிற்றுக்கு அதுதான் வேளை.

கொக்குவிலில் கடல் இல்லை. புகையிரத நிலையம் இருக்கிறது. இந்துக் கல்லூரி, தொழில்நுட்பக் கல்லூரி, மஞ்சவனப்பதி முருகன் கோயில் இருக்கின்றன. ஒரு காலத்தில் சுருட்டுக் கொட்டில்களுக்குப் பேர்போன ஊர். ஆனால் பெயருக்குள் தண்ணீர் கிடக்கிறது. வில் என்றால் நீர்நிலை. கொக்கு வந்து நின்ற வில் கொக்குவில். இணுவில், கோண்டாவில், உடுவில் என்று எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொன்னால் குளக்கரை வழியே நடந்த மாதிரி இருக்கும். அந்தக் குளங்களில் நாங்கள் சிறுவயதில் பிடித்தது சுங்கான். அதுவும் கெளிற்றுக் கூட்டந்தான். காற்றைக் குடித்து மூச்சுவிட உடம்புக்குள் இரண்டு நீண்ட பைகள் வைத்திருப்பதால், குளம் வற்றிச் சேறாகும்போதும் தாக்குப்பிடிக்கும். குத்தினால் கை வீங்கும்.

கடலுக்குப் போக மேற்கே திரும்பவேண்டும். ஆனைக்கோட்டையைத் தாண்டினால் காக்கைதீவு. மோட்டார் சைக்கிளில் கால் மணித்தியாலம். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து, எழுத்துப் பொறித்த முத்திரையோடு பழைய ஈமக்குழியைக் கண்டெடுத்த ஆனைக்கோட்டைதான் இது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னும் இந்தப் பரவைக் கடலின் கரையில் ஆட்கள் இருந்தார்கள்.

காக்கைதீவு என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஐங்குறுநூறு நினைவுக்கு வரும். அதன் நெய்தல் பாட்டுகளைப் பாடிய அம்மூவனார், சிறுவெண்காக்கையை வைத்தே பத்துப் பாட்டுப் பாடியிருக்கிறார். அதில் ஒன்றில் அந்தக் காக்கை, கழியில் கூட்டமாகத் திரியும் கெடிற்று மீனைத் தின்கிறது. கெடிறுதான் கெளிறு. தமிழ்நாட்டில் கெளுத்தி, கெழுத்தி என்பார்கள். சங்கப் பாட்டின் காக்கையும் கழியும் கெளிறும் ஒன்றாய்க் கூடிய இடத்தில் நிற்கிறோம் என்று மருமகனுக்குச் சொன்னேன். அவன் தடியைப் பொருத்திக்கொண்டிருந்தான். காதில் விழுந்ததோ தெரியாது.

நூல்தான் பாரம்

பிளை பிஷிங் எப்படி நடக்கிறது என்று சொல்லவேண்டும். நாம் தூண்டில் எறியும்போது ஈயக்குண்டு பறக்கும். தங்கூசி அதன் பின்னால் இழுபட்டுப் போகும். இங்கே கதை தலைகீழ். இறகு இரைக்குக் கனமே இல்லை. ஆகவே நூலைத் தடிப்பாக, கனமாகச் செய்திருக்கிறார்கள். தடியை முன்னும் பின்னும் வீச, அந்த நூல் காற்றில் வளையம் வளையமாக விரிந்து, நுனியில் இருக்கிற இறகைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் மெல்ல வைக்கும். மீன் அதைப் பூச்சியென்றோ குஞ்சு மீனென்றோ நம்பவேண்டும். முழுக்க முழுக்கக் கண்ணுக்குச் சொல்லும் பொய்.

இந்தப் பொய்க்கு வயது அதிகம். கி.பி. 200ஐ ஒட்டி ரோமில் வாழ்ந்த ஈலியன், மக்கெடோனிய ஆற்று மீனவர்கள் கொளுக்கியில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடைக்குக் கீழே முளைக்கும் மெழுகு நிற இறகு இரண்டைக் கட்டி எறிந்ததை எழுதிவைத்திருக்கிறார். பிறகு அது இங்கிலாந்தில் கனவான்களின் பொழுதுபோக்காயிற்று. ஆங்கிலேயர் போன இடமெல்லாம் தடியும் போனது. தடிக்கு ஏற்ற மீன் இல்லாத இடத்தில் மீனையும் கப்பலேற்றினார்கள். 1880களில் இலங்கையின் மலைநாட்டில், நுவரெலியாப் பக்க ஓடைகளில், ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். நீலகிரியிலும் அதே கதை. 1907இல் அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சு பொரிக்கும் நிலையம் எழுந்தது.

எல்லா வெள்ளைக்காரரும் ட்ரவுட்டுக்கு ஏங்கிக்கொண்டு இருக்கவில்லை. சென்னை மாகாண அதிகாரியாயிருந்த எச். எஸ். தோமஸ், உள்ளூர் மீனை உள்ளூர்த் தண்ணீரில் எப்படிப் பிடிப்பது என்று 1873இல் 'தி ரொட் இன் இந்தியா' என்ற தடித்த புத்தகம் போட்டார். 1887இல் குளத்து மீன்களுக்கென்று தனியாக இன்னொன்று எழுதினார். அந்த ஊர்த் தண்ணீரை அந்த ஊர்க்காரனிடம் கேட்டுத்தான் படிக்கவேண்டும் என்கிற நிதானம் அவரிடம் இருந்தது.

எங்கள் பரவைக் கடலுக்கு இந்தத் தடிக்காரர் கூட்டம் வரவில்லை. வந்திருந்தாலும் கெளிற்றைத் தேடியிருக்க மாட்டார்கள். கெளிறு சேற்று மீன், செதில் இல்லாத மீன், கனவான் மேசைக்கு ஏறாத மீன்.

நீந்தும் நாக்கு

பெரியவரின் கேள்விக்கு உயிரியல்காரர் வைத்திருக்கும் விடை ஆச்சரியமானது. கெளிற்றுக்கு நாக்கு வாய்க்குள் அடங்கியதல்ல. மீசையில், உதட்டில், தோலில், செட்டையில், வால்வரைக்கும் சுவை மொட்டுகள் இருக்கின்றன. மருமகன் கனடாவில் பிடிக்கிற சனல் கட்ஃபிஷ் மீனின் உடம்பில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சுவை மொட்டுகள் உண்டு. அதனால்தான் ஆராய்ச்சியாளர் அதை நீந்தும் நாக்கு என்பார்கள். நாம் ஒரு கறிச்சட்டிக்குள் இறங்கி, முதுகாலும் முழங்காலாலும் உப்புப் புளி பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கெளிற்றுக்கு அதுதான் இருட்டு.

இன்னும் இருக்கிறது. யப்பான் கடலில் பாம்புவால் கெளிறு ஒன்று உண்டு. இரவில் கடலடியில் புழுத் தேடித் தின்னும். அந்தப் புழு மண்ணுக்குள் குழாய் கட்டி ஒளிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதுவும் மூச்சுவிடத்தானே வேண்டும்? அந்த மூச்சிலிருந்து வரும் கரியமிலவாயு, சுற்றியுள்ள தண்ணீரை ஒரு துளி புளிக்கவைக்கும். அமிலநிலை அளவுகோலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த மாற்றம். அதைக் கெளிறு மீசையால் அறிகிறது என்று லூசியானா, ககோஷிமா ஆய்வாளர்கள் 2014இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். இரையின் மூச்சையே ருசித்து அதன் வீட்டைக் கண்டுபிடிக்கிற மீன்.

காதும் கூர்மை. கெளிற்றின் காற்றுப்பைக்கும் உட்காதுக்கும் நடுவே சின்னஞ்சிறு எலும்புகள் சங்கிலிபோலக் கோத்திருக்கும். வேபர் என்ற ஜெர்மன் உடற்கூற்றாளர் 1820இல் விவரித்த அமைப்பு. தண்ணீரின் அதிர்வு காற்றுப்பையில் பட்டு, எலும்புச் சங்கிலி வழியாகக் காதுக்கு ஏறும். கரையில் நீங்கள் ஒரு வாளியைத் தொம்மென்று வைத்தால் கெளிற்றுக்குக் கேட்கும்.

இந்த மீனுக்கு முன்னால் மணமில்லாத இறகைப் போடுவது, காது கூர்மையானவனிடம் ஊமைப் படம் காட்டுகிற மாதிரி. அதில் ஒரு பகிடியும் உண்டு. உலகச் சாதனை மீன்களுக்குக் கணக்கு வைப்பது 1939இல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம். இறகுத் தூண்டிலுக்கு அவர்கள் வைத்த விதிகளில் ஒன்று: இரையில் மணம் எதுவும் பூசக்கூடாது. மணத்தால் வாழும் மீனை மணமில்லாமல் பிடித்துக் காட்டு என்பதுதான் பந்தயம்.

"பிறகேன் மாமா பிடிபடுது?" என்று மருமகனே கேட்டு, மருமகனே விடையும் சொன்னான். மான்மயிர்த் தலை இதற்குத்தான். அது தண்ணீரைப் பிளக்காமல் தள்ளும். தள்ளும்போது அதிர்வு எழும். முயல்தோல் வால் துடிக்கும். கறுப்பு நிறம், வானத்தின் மங்கல் வெளிச்சத்துக்கு எதிரே நிழலுருவாகத் தெரியும். கெளிறு முழுக் குருடும் இல்லை. மணத்தை விட்டுவிட்டு அதிர்வை எடுத்துக்கொண்டார்கள். ஒரு கதவு பூட்டென்றால் மற்றக் கதவைத் தட்டுவது.

பெரியவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அப்ப நீர் எங்கடை வழிக்குத்தான் சுத்தி வாறீர்."

சூளும் மண்டாவும் விரல்நுனியும்

யாழ்ப்பாணப் பரவைக் கடல் ஏறக்குறைய 400 சதுர கிலோமீற்றர் பரப்பு. பரப்புக்கு ஏற்ற ஆழம் கிடையாது. பல இடங்களில் முழங்காலுக்கு மேல், இடுப்புக்குக் கீழ். கிழக்கே ஆனையிறவுப் பாதை மறித்து நிற்கிறது. மேற்கே, தீவுகளுக்கு நடுவால்தான் பெருங்கடலோடு உறவு. பெருக்குக்கும் வற்றுக்கும் வித்தியாசம் சொற்பம். ஆனால் இவ்வளவு தட்டையான தண்ணீரில் அந்தச் சொற்பமே பெரிது. வற்றில் தெரிந்த சேறு பெருக்கில் மறையும். மீன் அதன்மேல் மேயவரும்.

இந்த ஆழத்துக்கு என்றே தொழில்கள் வளர்ந்தன. கம்பு நட்டு வலை கட்டி, பெருக்கோடு வந்த மீன் வற்றோடு திரும்பும் வழியில் அகப்படும் களங்கட்டி. நடந்துபோய் எறியும் வீச்சுவலை. இரவுக்கென்று தனியாகச் சூள். காய்ந்த ஓலையை இறுகக் கட்டிக் கொளுத்தி, ஒரு கையில் அந்தச் சூளும் மறு கையில் மண்டாவும், இடுப்பில் பறியுமாய் இறங்கி நடப்பார்கள். வெளிச்சத்தில் மலைத்து நிற்கிற மீனை மண்டாவால் குத்திப் பறியில் போடுவார்கள். ஓலைச் சூள் போய்ப் பெற்றோல்மக்ஸ் வந்தது. அது போய் இன்று தலையில் கட்டும் மின்விளக்கு.

கெளிற்றுக்குப் பெரியவர் வெளிச்சம் கொண்டுபோவதில்லை. அவர் தொழில் கைத்தூண்டில். ஒரு வெறும் போத்தலில் தங்கூசியைச் சுற்றிவைத்திருந்தார். நுனியில் ஒரு கொளுக்கி, ஒரு முழத்துக்கு மேலே ஈயக்குண்டு. மிதப்பு இல்லை, இருட்டில் மிதப்பை யார் பார்ப்பது? இரைக்கு இறால். இறால் கிடைக்காவிட்டால் நாக்கிளிப் புழு. இறாலின் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு உடலைக் கோத்தார்.

"முதல் நாளையான் இறால்தான் திறம்," என்றார். "புதுசு நல்லது எண்டு ஆக்கள் சொல்லுவினம். புதுசுக்கு மணம் காணாது."

ஒரு விதியும் சொன்னார். கையில் சவர்க்கார மணம் கூடாது, பெற்றோல் மணம் கூடாது, சுருட்டு மணமும் கூடாது. கரைச் சேற்றில் இரண்டு கையையும் தேய்த்துக் கழுவிய பிறகுதான் இரையைத் தொட்டார். இது வெறும் சம்பிரதாயமில்லை. 1965இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், சலவைத் தூள் மிகச் சிறிதளவு கலந்த தண்ணீரில் கெளிற்றைவிட்டுப் பார்த்தார்கள். மீசையின் சுவை மொட்டுகள் சிதைந்து, பக்கத்தில் கிடக்கும் தீனியைக்கூட அது கண்டுபிடிக்க முடியாமல் தடுமாறிற்று. பட்டணத்துச் சாக்கடையும், கல்லுண்டாய் வெளியில் குவியும் குப்பையும் இந்தக் கரைக்குக் கிட்டத்தான். எங்களுக்கு அது நாற்றம். தோலெல்லாம் நாக்கான மீனுக்கு அது என்னவென்று யோசித்துப் பார்க்கவேண்டும்.

தங்கூசியை எறிந்தார். அது விழுந்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. மிச்சத்தை ஆட்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு குந்தினார். அதற்குப் பிறகு அவருடைய உடம்பு முழுவதும் அந்த விரல்நுனிக்கு இறங்கிவிட்டது.

"முதல் வாறது மீசை. மெல்லத் தடவும். அப்ப இழுத்தால் போச்சு. பிறகு வாயிலை எடுத்துக்கொண்டு ஒரு பக்கமாய் நடக்கும். நடக்கவிடவேணும். அதுக்குப் பிறகுதான் நாங்கள்."

பக்கத்தில் மருமகன் எறிந்துகொண்டிருந்தான். பகல் முழுக்க அடித்த சோளகம் இரவில் தணிந்திருந்தாலும் முற்றாக விடவில்லை. முன்னே எறிந்த நூலைக் காற்று அவன் தோளுக்கே திருப்பிக் கொண்டுவந்தது. ஒருமுறை இறகு என் சேட்டில் கொளுவிற்று. கண்ணுக்குக் கண்ணாடி போடச் சொன்னதன் அருமை அப்போது புரிந்தது. அடுத்த முறை தடியைச் சாய்த்து, காற்றுக்கு அடியால் நூலைச் செலுத்தினான். இருட்டுக்குள் அது உஸ் என்று போயிற்று. கால் அசைந்த இடத்தில் தண்ணீர் நீலப் பொறியாகச் சிதறியது.

ஒரு மணித்தியாலத்தில் பெரியவரின் பறியில் மூன்று கெளிறு. மருமகனுக்கு ஒன்றுமில்லை.

இரவு யாருடையது

காத்திருந்த நேரத்தில் பழங்கதை வந்தது. இந்தக் கரையில் இரவு என்று சொன்னால் பழங்கதை வராமல் போகாது.

1990களின் தொடக்கத்தில் போரால் ஆனையிறவு, சங்குப்பிட்டி வழிகள் அடைபட்டிருந்தபோது, குடாநாட்டுச் சனம் கிளாலிக் கரையிலிருந்து இதே பரவைக் கடலைப் படகில் கடந்தது. இரவில்தான் கடந்தது. வெளிச்சம் போடாமல், இருமலை அடக்கிக்கொண்டு. எல்லாரும் மறுகரை சேரவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழும்பி நடந்தபோது கொக்குவிலும் நடந்தது. திரும்பி வந்தபோது வீடு இருந்தவர்களுக்கு வீடு இருந்தது. இரவு மட்டும் எங்களிடம் இல்லை. ஊரடங்கு, கடல் பாஸ், இன்ன நேரத்துக்கு முன் இறங்கக்கூடாது, இன்ன தூரத்துக்கு அப்பால் போகக்கூடாது. ஆண்டுகளில் கூடியும் குறைந்தும் 2009வரை இதுதான் நடைமுறை.

பகலில் பிடிக்கிற மீனைப் பகலில் பிடிக்கலாம். கெளிறு இரவு மீன். சூளும் இரவுத் தொழில். இரவை மூடினால் அந்தத் தொழில்களும் மூடும். தொழிலோடு, அந்த இரவைப் படித்துவைத்த விரல்களும் மரத்துப்போகும். தன் மூத்தவனுக்குக் கைத்தூண்டில் சரியாக வராது என்றார் பெரியவர். பழகவேண்டிய வயதில் அவன் இரவில் வீட்டுக்குள் இருந்தான். எந்த நட்சத்திரம் எங்கே நிற்கும்போது பெருக்குத் திரும்பும் என்று தகப்பன் காட்டிக்கொடுக்க ஒரு வழி இருக்கவில்லை.

"ஆமி ரோச் அடிச்சால் எந்தத் திசையிலை கையைத் தூக்கவேணும் எண்டுதான் அவனுக்குக் காட்டிக் குடுத்தன்," என்றார். சொல்லிவிட்டுத் தங்கூசியை ஒரு விரல் இழுத்துப் பார்த்தார்.

2011 தையில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது. 2015இல் கொக்குவில் நிலையத்தில் திரும்பவும் ரயில் நின்றது. திறந்தவற்றை எல்லாம் படமெடுத்துப் பத்திரிகையில் போட்டார்கள். கரையில் இரவு திறந்ததை யாரும் படமெடுக்கவில்லை. இருட்டில் படம் விழாது என்பதும் ஒரு காரணமாயிருக்கலாம்.

முள்ளும் சட்டியும்

நாலாவது கெளிறு வந்தபோது அதன் குரலைக் கேட்டோம். கொறுக், கொறுக் என்று ஒரு சத்தம். நெஞ்சுச் செட்டை முள்ளைக் குழியில் உரசியும், காற்றுப்பையைத் தசையால் மேளம்போல் அதிரவைத்தும் கெளிறு பேசும். பெரியவர் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் அந்த முள்களுக்குப் பின்னால் கொடுத்து, உள்ளங்கை வயிற்றில் படப் பிடித்தார். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மொத்தம் மூன்று முள். ஓரமெல்லாம் வாள்ப்பல். மேல்தோலில் விஷம். நிமிர்த்திப் பூட்டிவிட்டால் மீன் செத்த பிறகும் மடங்காது.

குத்தினால் பச்சைத் தண்ணீரும் ஐஸும் உதவாது. தாங்கக்கூடிய சுடுநீரில், 45 பாகை செல்சியஸுக்கு மேற்படாமல், அரை மணி தொடக்கம் ஒன்றரை மணி நேரம் கையை வைத்திருக்கவேண்டும். அந்த விஷம் புரதம், சூட்டில் கெடும். முறிந்த முள் உள்ளே நின்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் எடுக்கவேண்டும். ஏற்பு ஊசியும் போடவேண்டும். நான் ஒரு வெந்நீர்ப் போத்தலைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். தேத்தண்ணிக்கு என்று நினைத்து மருமகன் அதில் பாதியைக் குடித்து முடித்திருந்தான்.

சட்டிக்கு வந்தால் கெளிறு வேறு ஆள். வழுவழுப்புப் போகச் சாம்பல் போட்டுத் தேய்க்கவேண்டும். செதில் இல்லாததால் அது ஒன்றே வேலை. பழப்புளியைத் தடிப்பாகக் கரைத்து, வெந்தயமும் உள்ளியும் தூக்கலாகப் போட்டு, எங்கள் கறித்தூளில் கொதிக்கவிட்டு, மறுநாள் காலைப் புட்டோடு தின்னவேண்டும். கண்டதையும் தின்கிற மீன் என்று சொல்லித் தொடாத வீடுகளும் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் தின்பதும் உண்டு.

கிடக்கவிடும் தம்பி

பன்னிரண்டு மணிக்கு மேல் பெரியவர் எழும்பி மருமகனிடம் போனார்.

"நீர் நெடுக இழுக்கிறீர். அது ஓடுற மீனுக்குச் சரி. இவன் ஓடிப் பிடிக்கிறவன் இல்லை, தடவிப் பிடிக்கிறவன். அடியிலை விழுத்தும். கிடக்கவிடும். பிறகு ஒரு சாண் நகர்த்தும். திரும்பவும் கிடக்கவிடும்."

ரொறன்ரோப் பிள்ளை சொல்வழி கேட்டான். ஈயமணி இறகை அடிக்குக் கொண்டுபோயிற்று. ஒரு சாண் இழுத்தான், விட்டான். முயல்தோல் சேற்றின்மேல் மூச்சு விடுவது மாதிரி விரிந்து சுருங்கியிருக்கவேண்டும். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு தடி மெல்லக் குனிந்தது.

"மீசை," என்றார் பெரியவர், தடி நுனியைப் பார்க்காமலே. "பொறும்... பொறும்... இப்ப!"

ஒரு முழங்கூட இல்லாத கெளிறு. கறுத்த முயல்தோல் அதன் வாய்க்கரையில் தொங்கிற்று. அது கொறுக் என்றது. நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். மருமகன் முள்ளுக்குப் படாமல் கொளுக்கியை இடுக்கியால் கழற்றி, மீனைத் தண்ணீருக்குள் பிடித்திருந்து, அது தானாக உதறிப் போகும்வரை விட்டான். பிடித்த மீனைத் திரும்ப விடுவதா என்று பெரியவர் முகத்தில் ஒரு கேள்வி வந்து போனது. வாயால் கேட்கவில்லை.

வாய்க்குள் பிள்ளை

விடியக் காக்கைதீவுச் சந்தைக்குப் போனோம். களங்கட்டியிலும் வலைகளிலும் பட்ட மீன் குவியல் குவியலாக ஏலத்துக்கு வந்திருந்தது. ஒரு குவியலில் கெளிறு. அதன் பக்கத்துச் சீமெந்துத் தரையில் மஞ்சள் உருண்டைகள் கிடந்தன. சிறுபிள்ளைகள் போளை விளையாடிப்போட்டு விட்டுப்போன மாதிரி. மருமகன் குனிந்து ஒன்றை எடுத்தான்.

"இதென்ன மாமா?"

முட்டை. கடற்கெளிறு மற்ற மீன்கள் மாதிரி இலட்சக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுப் போவதில்லை. போடுவது சில பத்து முட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாத பெரிய முட்டை. அதை ஆண் கெளிறு வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். குஞ்சு பொரித்து, அது தன்பாட்டில் நீந்தும்வரை வாயைத் திறந்து தின்னாது. வாரக்கணக்கில் பட்டினி. வலையில் பட்டு மூச்சுத் திணறும்போதுதான் வாய் பிளந்து முட்டைகள் சிதறும்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்தியாவின் மேற்குக் கரை சாட்சி. 1980களில் கர்நாடகப் பக்கம் சுருக்குமடி வலைகள், வாயில் முட்டையோடு கூட்டமாய்த் திரிந்த ஆண் கெளிறுகளை அள்ளின. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் எச்சரித்து எழுதினார்கள். கெளிற்று வரத்து விழுந்தது. சில பத்து முட்டையை மட்டும் நம்பி வாழும் மீனுக்குத் தகப்பனையும் பிள்ளைகளையும் ஒரே வலையில் இழந்தால் எழும்ப முடியாது.

எங்கள் பக்கத்திலும் சட்டங்களுக்குக் குறைவில்லை. தங்கூசி வலைக்குத் தடை. 2017இல் திருத்திய கடற்றொழில் சட்டத்தில் இழுவைமடிக்கும் தடை. ஆனால் எந்த மீன் எந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு திரிகிறது என்று எந்த வர்த்தமானியும் சொல்லாது. அதைச் சொல்ல இரவில் தண்ணீரோடு இருந்த ஓர் ஆள் வேண்டும்.

மருமகன் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவரைக் கேட்டான்.

"ஐயா, உங்கடை தூண்டில்லை இப்பிடி முட்டை வைச்ச கெளிறு வாறேல்லையே?"

பெரியவர் அவனை விளங்காத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வாயிலை பிள்ளையை வைச்சிருக்கிறவன் என்னெண்டு தம்பி சாப்பிடுவான்?"

இறாலோ இறகோ, மணமிருந்தோ இல்லாமலோ, தூண்டில் பசித்த மீனைத்தான் கேட்கும். வலை யாரையும் கேட்பதில்லை. இரவு முழுக்க இரண்டு தூண்டில்களில் எது கெட்டித்தனம் என்று நாங்கள் போட்டி பார்த்துக்கொண்டு இருந்தோம். அவை இரண்டும் ஒரே பக்கம் என்பது ஏலத் தரையில்தான் விளங்கிற்று.

பெரியவர் தன் நாலு கெளிறையும் விற்றுக் காசை மடியில் செருகினார். போகிறபோது மருமகனிடம் கையை நீட்டி, "அந்தத் தாடிக் கொளுக்கியிலை ஒண்டு தாரும்," என்றார். கொடுத்தான். அதை மறுபடி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"இப்ப கொஞ்சம் மணக்குது," என்றார்.